கல் வைக்கிற ஊரில் ஹேண்ட் பிரேக் கேபிள்

பட்டறையில் புதிதாகக் கை வைத்திருக்கும் தம்பிகளுக்கு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அஸ்தம்பட்டியில் வீட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய மெக்கானிக் எழுதுவது. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் தப்பு இருந்தால் யாருக்காகவும் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரேக் டிரம்மை எப்படிக் கழற்றுவது, கேபிளை எந்த ஓட்டை வழியாகக் கோப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை உங்கள் பட்டறையில் சொல்லித் தருவார்கள். இல்லாவிட்டால் ஃபோனில் எவனாவது பின்னணி இசையோடு சொல்லித் தருவான். நான் சொல்ல வந்தது, நம் பக்கத்து ஆட்கள் அந்தக் கேபிளுக்குக் கொடுக்கிற மரியாதையைப் பற்றி.

நாமெல்லாம் லாரி ஊர்க்காரர்கள். லாரி நின்றதும் கிளீனர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதனால் கார் வாங்கினாலும் அந்தப் புத்தி போவதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் எந்தப் பழைய காரின் டிக்கியை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஸ்டெப்னி இல்லாத காரைப் பார்த்திருக்கிறேன். கல் இல்லாத காரைப் பார்த்ததில்லை. சிலர் அந்தக் கல்லுக்கு மஞ்சள் குங்குமம்கூட வைத்திருப்பார்கள். ஹேண்ட் பிரேக் லீவர் என்று ஒன்று இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறதே, அது பூ வாங்கின கவர் மாட்டுவதற்கு. துண்டு காயப் போடுவதற்கு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எஃப்.சி.க்குப் போகிற அன்றைக்கு மட்டும் அது பிரேக்.

"ஏனுங்க, ஹேண்ட் பிரேக் கேபிள் அத்துப் போயிருக்குது, மாத்திரலாமுங்களா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், நம்மைப் பிழைக்கத் தெரியாதவன் என்று சொல்லாமல் சொல்கிற சிரிப்பு. "அட, அது கெடக்குதுங்க. நம்மூர்ல எங்கீங்க ஏத்தம் எறக்கம்? கல்லு இருக்குதில்ல, கியரு இருக்குதில்ல." அதற்கும் மேலே ஒன்று சொல்வார்கள். "சாமி பாத்துக்கும்."

நான் சாமி கும்பிடுகிறவன். சூடம் காட்டாமல் ஒருநாளும் பட்டறை திறந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பொழுது விரதம் இன்றைக்கும் உண்டு. அதனால்தான் இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேபிள் மாற்றச் சோம்பல். அந்தச் சோம்பலைத் தூக்கிச் சாமி தலையில் வைப்பதற்குப் பெயர் பக்தியாம். சாமிக்கு இவர்கள் கொடுத்திருக்கும் உத்தியோகம், சக்கரத்துக்கு அடியில் படுத்துக் கிடக்கிற கல் உத்தியோகம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நான் பட்டறையை விட்டு ஓய்ந்த பிறகு நடந்தது இது.

என் மனைவியின் தம்பி செல்வராசு. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் தோட்டம், மஞ்சளும் மரவள்ளியும். எங்கள் கல்யாணத்தின்போது அரை டிராயரோடு பந்தியில் இலை போட்டவன், ஆதலால் அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன். அவன் ஒரு பழைய கார் வாங்கினான். நாலைந்து கை மாறின வண்டி. பழசாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு அதுதான் முதல் கார். ஆகவே வெள்ளிக்கிழமை குலசாமி கோயிலில் வண்டிக்குப் பூசை, நீங்களும் அக்காவும் வந்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தான். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் பூசை முடிய வேண்டும்.

நானும் மனைவியும் முதல் பஸ் பிடித்துக் காலையில் போய் இறங்கினோம். மஞ்சள் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் கார் நின்றது. கழுவி, மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்து, கல்யாணப் பெண் மாதிரி. செல்வராசு வெள்ளை வேட்டி சட்டையில் வந்தான். காப்பி குடிக்கக்கூட விடவில்லை.

"மாமா, ஒரு சமாச்சாரம். வாங்கறப்பவே இதுக்கு ஹேண்ட் பிரேக் கேபிளு அந்து கெடந்துச்சு. உங்களக் கூப்புடலாம்னு அக்கா சொன்னா. எதுக்கு வயசான காலத்துல உங்கள வண்டிக்கடியில படுக்க வெக்கறதுன்னு, நானே மாத்திட்டேன்."

"நீயாவா மாப்ள?"

"ஃபோன்ல பாத்துத்தான். ஒரு மத்தியானம். உங்க பட்டறைல ஒரு நாள் பூரா நிறுத்தி வெப்பீங்கல்ல, அதே சோலி."

வயதைச் சொல்லி ஒன்று, பட்டறையைச் சொல்லி ஒன்று. உள்ளே உட்கார்ந்து லீவரை இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. கொஞ்சம் மேலே வந்ததும் நின்றுவிட்டது.

தம்பிகளே, இங்கே கவனியுங்கள். லீவர் தொளதொளவென்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். இறுக்கமாக இருந்தால்தான் நாம் ஏமாறுவோம். புதுக் கேபிள் முதலில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இழுக்கும்போது பின்சக்கரத்துக்குள் பிரேக் கட்டை போய் டிரம்மைக் கவ்வுவது கைக்குத் தெரியும். இதில் அது தெரியவில்லை. என் கை இழுத்த இழுப்பு நடுவழியில் எங்கேயோ சிக்கி நிற்கிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன். பார்க்காமல் எதையும் அடித்துச் சொல்லக்கூடாது.

"புடிக்குதுங்களா?" என்றான்.

"கைக்குப் புடிக்குது. சக்கரத்துக்குப் புடிக்குதான்னு பாக்கோணும்."

"அட, இதென்னுங் மாமா." லீவரை இழுத்து வைத்துவிட்டு, இறங்கி, பின்னால் போய்க் காரைத் தள்ளினான். அசையவில்லை. "பாத்துக்கங்க."

மட்டமான களத்தில், நியூட்ரலில் இருந்தாலும் ஒற்றை ஆள் தள்ளி அந்தக் கார் சுலபத்தில் நகராது. வீட்டுச் சுவரைக்கூட இப்படித் தள்ளிப் பார்த்துப் பிரேக் பிடிக்கிறது என்று சொல்லலாம். நம் சமவெளிக்காரர்களின் சோதனை எல்லாம் இந்த லட்சணம்தான்.

"மாப்ள, ஜாக்கி போடு. கீழ ஒரு பார்வை பாத்தர்றேன். இல்லாட்டி எங்கியாச்சும் ஒரு சரிவுல நிறுத்திப் பாக்கலாம்."

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குள் என் மனைவி வந்துவிட்டாள்.

"ஏனுங்க, குளிச்சு விரதத்துல வந்திருக்கறீங்க. வண்டிக்கடியில போயிப் படுப்பீங்களா? மால போட்ட வண்டிய ஜாக்கில தூக்குவாங்களா?"

"புடிக்கலைன்னா—"

"வாய மூடுங்க. நல்ல காரியத்துக்குக் கெளம்பறப்ப 'புடிக்காது, நிக்காது'ன்னுட்டு. அவனே ஆசையாச் செஞ்சிருக்கறான்."

இதுதான் நம் தொழிலின் சாபக்கேடு. டாக்டர் வாயைத் திறந்தால் கைகட்டிக் கேட்பார்கள். சோசியர் கெட்டதைச் சொன்னால் பரிகாரம் கேட்பார்கள். மெக்கானிக் 'பிடிக்காது' என்றால் மட்டும் அது அபசகுனம். வண்டியில் இருக்கிற கோளாறு வண்டியில் இல்லையாம், நம் வாயில் இருக்கிறதாம்.

செல்வராசின் மனைவி சாந்தாமணி அப்போது உள்ளே பூசைத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டுக்கும் தலை வாரிவிட்டு அவள் வெளியே வரும்போது பேச்சு முடிந்து கார் கிளம்பத் தயாராக நின்றது. "வாங்கண்ணா, எப்ப வந்தீங்க? காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டாள். குடிக்காவிட்டாலும் 'குடிச்சேன்' என்று அதற்கு மட்டும் பதில் சொன்னேன். செல்வராசு வண்டியை எடுத்தான். நான் அவன் பக்கத்தில். பெண்களும் பிள்ளைகளும் பின்னால்.

வழியில் கால் பிரேக்கைக் கவனித்துக்கொண்டே போனேன். அது நன்றாகவே பிடித்தது. அந்த மட்டில் நிம்மதி. கோயில் எப்படி என்று யோசித்தபோதுதான் அந்த நிம்மதியும் போயிற்று. அந்தக் கோயிலுக்கு நான் முன்பு போயிருக்கிறேன். கரட்டடியில், சின்னக் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது, ரோட்டை விடத் தாழ்வில். ரோட்டிலிருந்து கோயில் வாசலுக்கு ஒரே சரிவு. பூசை போடுகிற வண்டி சாமியைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படியென்றால் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நிற்கும்.

அப்படியேதான் கொண்டுபோய் நிறுத்தினான். கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, "சாந்தா, அந்தக் கல்ல எடுத்து முன்சக்கரத்துக்கு வெய்யி" என்றான். அவள் டிக்கியிலிருந்து கல்லை எடுத்து வைத்தாள். அடுத்த நிமிடமே என் மனைவி எலுமிச்சம்பழங்களோடு வந்து அந்தக் கல்லைத் தள்ளிவிட்டாள். "பழம் வெக்கற எடத்துல கல்லா?" நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம் வைத்தாள். சூடம் காட்டி முடிந்ததும் வண்டி அதன் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு போகவேண்டும். திருஷ்டி கழியும்.

கல் போயிற்று. கியராவது இருக்கிறதா என்றால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாமி பார்க்கும்போது வண்டி உயிரோடு இருக்க வேண்டும் என்று நம் ஆட்கள் பூசையில் எஞ்சினை நிறுத்துவதில்லை. எஞ்சின் ஓடும்போது கியரில் போட்டு இறங்க முடியுமா? ஆகவே நியூட்ரல். தினமும் நம்பியிருக்கிற இரண்டையும், கல்லையும் கியரையும், சாமி பெயரைச் சொல்லி எடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது, இத்தனை காலம் யாரும் மதிக்காத ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். மற்ற நாட்களில் ஆளில்லாத வண்டி உருண்டால் சுவரில் முட்டும். அன்றைக்கு அந்த வண்டிக்கு முன்னால் குடும்பமே நிற்கப் போகிறது. மஞ்சள் பட்டுப் பாவாடை கட்டிய பெண் குழந்தை பம்பரைத் தொட்டபடி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் தம்பி, சக்கரத்தடியில் இருந்த பழத்தை எடுத்துவிடப் பார்த்து அடி வாங்கிக்கொண்டிருந்தான். சாந்தாமணி பூசைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் என் மனைவி.

செல்வராசு லீவரை இழுத்தான். கல் மாதிரி நின்றது. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். காலை எடுத்துவிட்டு இறங்கிப்போய் அவர்களோடு கைகூப்பி நின்றுகொண்டான்.

அந்த இடத்தில் சத்தம் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் சண்டைதான் வந்திருக்கும், சண்டை முடிகிற வரைக்கும் அத்தனை பேரும் அதே இடத்தில் நின்றிருப்பார்கள். நெருக்கடியில் முதலில் வேலை செய்யவேண்டியது வாய் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து இன்னும் இறங்காத நான், வேட்டியை மடித்துக்கொண்டு, லீவரைத் தாண்டி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து பிரேக்கில் காலை வைத்தேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"மாமா, எறங்கி வாங்க. பூசாரி வாராரு."

"நீங்க கும்புடுங்க. நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறேன்."

பூசாரி சூடத்தட்டோடு வந்து குனிந்து பார்த்தார். "ஏஞ்சாமி, உள்ள ஆளு குந்தியிருந்தா எப்பிடி? எறங்கி வந்து துண்ணூறு வாங்குங்க."

"கால்ல புடிப்புங்க" என்றேன். பொய் இல்லை. கால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

"நேத்து வரைக்கும் இல்லாத புடிப்பு" என்றாள் என் மனைவி, சிரிக்காமல். "மணியாவுது. தம்பி மொகத்தப் பாருங்க, அவனுக்கு எப்பிடி இருக்கும்?"

அவன் முகம் சிவந்துதான் இருந்தது. நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "நான் பூட்டுன பிரேக்கு நிக்காதுன்னு நெனைக்கறாரு. உடு அக்கா. அவருக்கு அவரு பூட்டுனாத்தான் பிரேக்கு." அதைச் சொல்லிவிட்டு, என்னைச் சவாலுக்கு இழுப்பவன் போலக் காருக்கு இன்னும் நெருக்கமாக, நேர் முன்னால் வந்து நின்றான். அவனைப் பார்த்து மகனும் அப்படியே வந்து நின்றான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னால் நகரமாட்டார்கள். சொன்னால் இன்னும் முன்னால் வந்து நிற்பார்கள். அது கண்ணெதிரே தெரிந்தது. அப்போது என் வாயில் ஒரு வார்த்தை வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாமிதான் போட்டது என்று நினைக்கிறேன்.

"சாமிக்கும் வண்டிக்கும் நடுவுல மனுசன் நிக்கலாமா? பார்வை நேரா வண்டி மேல உழுவோணும். எல்லாரும் பக்கவாட்டுல வாங்க."

எல்லாக் கால்களும் நகர்ந்தன. என் மனைவி முதல் ஆளாகத் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள். சாந்தாமணி பிள்ளைகளைச் சேர்த்து அணைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள். பூசாரியும் ஒதுங்கினார். தட்டு மட்டும் தரையில் இருந்தது. இயந்திரத்தைப் பற்றி இயந்திரக்காரன் சொன்னால் அசையாத கூட்டம், சாமி பார்வை என்றதும் அசைந்தது. நம் ஆட்கள்மேல் நான் வைத்திருக்கும் மரியாதை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது.

முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தேன். பிரேக்குக்கு மேலேயே தூக்கி வைத்திருந்தேன்.

வண்டி நின்றது.

செல்வராசு கைகட்டிச் சிரித்தான். "இப்ப என்னங் மாமா சொல்றீங்க?"

என்ன சொல்ல? எனக்கே ஒரு கணம் வெட்கமாக இருந்தது. கை காட்டிய சந்தேகம் தப்போ, வயதாகிவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒன்று தெரிந்தது. பிரேக் பிடித்து நிற்கிற வண்டி உட்கார்ந்து நிற்கும். இது சாய்ந்து நின்றது. எதன் மேலேயோ முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தது. எஞ்சின் அதிர்வில் அந்த முட்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பது இடுப்புக்குத் தெரிந்தது.

எதன் மேல் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் 'பச்'சென்று ஒரு சத்தம். இன்னொன்று. வண்டி உருண்டது. அதை அதுவரை பிடித்து நிறுத்தியிருந்தது செல்வராசு மாட்டிய கேபிள் இல்லை, என் மனைவி வைத்த எலுமிச்சம்பழம். நான் பிரேக்கை மிதித்தேன். நின்ற இடத்தில் பூசைத் தட்டைக் காணோம். பம்பருக்கு அடியில் போயிருந்தது. சற்று முன்பு மகன் நின்ற இடமும் அங்கேதான் இருந்தது.

ரிவர்ஸ் கியரில் போட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். கல்லைத் தேடி எடுத்து நானே சக்கரத்துக்கு வைத்தேன்.

முதலில் வாயைத் திறந்தது என் மனைவி. என்ன கேட்டாள் தெரியுமா? பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்றா? "ஐயோ, சூடம் காட்டறதுக்கு முன்னால பழம் நசுங்கிப்போச்சே" என்று கண்ணில் முந்தானையை வைத்துக்கொண்டாள். செல்வராசு அதைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் மாமா வாயி. காலைலருந்து புடிக்காது புடிக்காதுன்னு. வாயி வெச்சா எந்த வண்டி நிக்கும்?"

"பழந்தானுங் நசுங்குச்சு" என்றாள் சாந்தாமணி. சத்தமாகச் சொல்லவில்லை. மகனின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு, பம்பருக்கு அடியில் கிடந்த தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மணியாகிக்கொண்டிருந்தது. "எஞ்சின் ஓடாம பூசை போடலாமுங்களா?" என்று நான் பூசாரியிடம் கேட்டேன்.

"எஞ்சின் ஓடோணும்னு எந்தச் சாமி கேட்டுச்சுங்க? நீங்களா ஓட உட்டுட்டு நிக்கறீங்க. பொகையெல்லாம் என்ற மூஞ்சிக்குத்தான் வருது. நானும் எத்தன வருசமா இருமிக்கிட்டே சூடம் காட்டறேன். ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

இதைத்தான் சொல்கிறேன். சாமி கேட்காததைச் செய்துவிட்டு, செய்யவேண்டியதைச் சாமிக்கு விட்டுவிடுவது. அந்தப் பெரியவர் உள்ளே போய் அம்பாள் காலடியில் இருந்த பழங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சின் ஓடாமல், கியரில், கல் வைத்து, குடும்பம் பக்கவாட்டில் நிற்க, ராகு காலத்துக்கு முன்பே பூசை நடந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. நான் கண்ணை மூடி அன்றைக்குக் கும்பிட்டது மாதிரி வேறு என்றைக்கும் கும்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாலையைக் கழற்றிவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். யாரும் தடுக்கவில்லை. கேபிள் புதுசுதான். ஆனால் வேறொரு நீளமான வண்டிக்கானது. கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததை இவன் பழையதோடு வைத்து அளந்து பார்க்கவில்லை. மாட்டும்போது நீளம் மிச்சமாகியிருக்கிறது. அதற்கு என்ன செய்தான் தெரியுமா? மிச்சத்தை வளைத்து, மடக்கி, கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கட்டிவிட்டான். பந்தல் கட்டுகிற மாதிரி. மடங்கின இடத்தில் உள்கம்பி இறுகிச் சிக்கிக்கொண்டது. கைக்கு வந்த இறுக்கம் அந்த மடிப்பின் இறுக்கம்.

"ஃபோன்ல அந்த ஆளு எவ்வளவு நீளம்னு சொல்லலீங்களே" என்றான்.

"கட்டுக்கம்பி போட்டுக் கட்டுன்னு சொன்னானா?"

மறுநாள் சேலம் போய்ச் சரியான கேபிளை வாங்கி வந்து அதே களத்தில் பூட்டினேன். அவன் மரவள்ளிக்குத் தண்ணி கட்டப் போய்விட்டான். சாந்தாமணிதான் காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். பிரேக்கு புடிக்கலைங்கறது உங்களுக்குக் கோயிலுக்குப் போறதுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"சந்தேகம் இருந்துச்சு அம்மிணி. சொன்னேன். யாரு கேட்டாங்க? உம் புருசன் கேக்கல, உங்க அண்ணி கேக்கல."

"எங்கிட்டச் சொன்னீங்களா?"

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாவி வெச்சிருக்கறவருகிட்டச் சொன்னீங்க. வண்டிக்கு முன்னால நிக்கப் போறது நானும் எம்பட புள்ளைங்களும். 'காப்பி குடிச்சீங்களா'ன்னு கேட்டேன், 'குடிச்சேன்'னீங்க. அப்பச் சொல்லியிருந்தா நான் புள்ளைங்களப் புடிச்சுக்கிட்டுத் தள்ளி நின்னிருக்க மாட்டனா? கடைசீல சாமி பேரச் சொல்லி ஏமாத்தித்தான் நகத்தோணுமா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது மாதிரி கேட்டாள். அத்தனை வருடம் பட்டறையில் இருந்தேன். வண்டிக் கோளாறை எப்போதும் சாவி வைத்திருப்பவரிடம்தான் சொன்னேன். பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் திரும்பி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்களும் சொல்வதில்லை, நான் பார்த்திருக்கிறேன். அவர் காதில் ஏறாதது அந்தம்மா காதில் ஏறும், தம்பிகளே. திரும்பிச் சொல்லுங்கள்.

"சரி அம்மிணி, பூட்டியாச்சு. சரிவுல வெச்சுப் பாத்தர்லாம்" என்றேன்.

அவளே தோட்டத்துக்கு ஆளனுப்பிப் புருசனை வரவழைத்தாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் ஏரிக்கரை ஏறுகிற மண்பாதைக்குப் போனோம். மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, லீவரை இழுத்துக் காலை எடுத்தேன். முன்னால் ஆள் இல்லை, கல் இல்லை, பழம் இல்லை. வண்டி உட்கார்ந்து நின்றது. நன்றாக நேரம் விட்டுப் பார்த்தேன். இறங்கிப் பின்னால் இருந்து தள்ளியும் பார்த்தேன்.

"நிக்குது" என்றேன்.

"எறங்குங்கண்ணா. நான் உக்காந்து பாக்கறேன்." கார் ஓட்டும் பள்ளியில் புருசனோடு சேர்ந்து அவளும் கற்றுக்கொண்டவள்தான். உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, லீவரைக் கீழே விட்டு, மறுபடி அவளே இழுத்தாள். பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"ஏனுங்க" என்றாள் செல்வராசைப் பார்த்து. "முன்னால போயி நில்லுங்க."

"எதுக்குடி?"

"நேத்து நாங்க நின்னமில்ல. அதே மாதர. பம்பரத் தொட்டாப்புல."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் மெல்ல நடந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றான். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்து எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். பூசை அன்று பார்த்த பார்வை இல்லை.

"மாமா, நல்லாப் பூட்டியிருக்கறீங்கள்ல?"

வேலை முடித்துச் சாவி கொடுக்கும்போது ஆயிரம் பேர் என்னிடம் கேட்ட கேள்வி அது. ஆயிரம் பேருக்கும் 'ஆமாங்க' என்று வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை வாயால் சொல்லத் தோன்றவில்லை. நான் நடந்து போய் அவன் பக்கத்தில், பம்பர் முழங்காலில் படுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் சாந்தாமணி எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.